வைஷ்ணவி என்று இங்கே யாரும் இல்லை

…இல்லை, அப்படி ஒருத்தி நம் வீட்டில் இல்லவே இல்லை, என்று ஞானசேகரன் அந்த ரிஜிஸ்டர் கவரை மூன்றாவது முறையாகத் திருப்பிப் பார்த்தார், கதவு எண் பதினேழு, சரி, இரண்டாவது குறுக்குத் தெரு, சரி, ஆஸ்டின் டவுன், பின்கோடு, எல்லாம் சரி, அவர் குடியிருக்கிற வீடு, போன பொங்கலுக்கு அவரே பச்சைப் பெயின்ட் அடித்த கதவு, ஆனால் முதல் வரியில் மிஸ் ஜி. வைஷ்ணவி என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருக்கிறது, யார் இந்த வைஷ்ணவி, ஜி என்றால் ஞானசேகரன்தானே, அந்த வாசலுக்குள் வேறு எந்த ஜி இருக்கிறது, வீட்டில் இருப்பது மொத்தம் நாலே பேர், அவர், அவர் மனைவி பாகீரதி, மகள் தும்பை, மகன் தொடுவானம், இதில் வைஷ்ணவிக்கு எங்கே இடம்… அனுப்பியவர் யார் என்று பார்த்தால் அங்கே குத்திய ரப்பர் ஸ்டாம்ப் மழையில் நனைந்து ஊதாக் கறையாகப் பரவியிருந்தது, பெங்களூர் ஒன்று என்பது மட்டும் மிச்சம், முப்பது வருஷமாக டாக்டர் கையெழுத்தையும் காதலர் கையெழுத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற கண்ணுக்கு இந்த ஊதாக் கறை பிடிபடவில்லை, எதிர் மேஜையில் தபால் பிரிக்கிற சார்ட்டிங் வேலையை முடித்துவிட்ட ஆள், என்ன ஞானம் அண்ணே, சனிக்கிழமை, சீக்கிரம் கிளம்பலையா என்று கேட்டார், கிளம்பறேன் கிளம்பறேன் என்று சொல்லிக்கொண்டே கவரைப் பையில் போட்டார், போட்டவர் திரும்ப எடுத்தார், எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார், ரிஜிஸ்டர் தபாலைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, தெரியும், புதிதாக வருகிற பையன்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

சைக்கிளை மிதிக்க ஆரம்பித்ததும் மனசு கொஞ்சம் லேசானது, அது எப்போதும் அப்படித்தான், சக்கரம் சுற்றினால் அவருக்கு யோசனையும் ஒழுங்காகச் சுற்றும், இரண்டாயிரத்து இரண்டு ஆகஸ்ட் மாசத்து வானம் தூறலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தது, சரி, முறைப்படி பார்ப்போம், விலாசத்தில் அப்படி ஓர் ஆள் இல்லையென்றால் என்ன செய்யணும், கவரின் மூலையில் ‘இப்பெயரில் யாரும் இல்லை’ என்று எழுதித் தேதி போட்டுத் திருப்பி அனுப்பணும், அவ்வளவுதான், இதுவரைக்கும் ஆயிரம் தடவை எழுதியிருப்பார், கை தானாக எழுதிவிடும், ஆனால் தன் வீட்டைப் பற்றித் தானே அப்படி எழுத வேண்டி வரும் என்று யார் கண்டது, எழுதிவிட்டு அது தப்பாக இருந்தால், தப்பாக இருக்குமா, அதெப்படித் தப்பாகும், பெற்றவனுக்குத் தெரியாதா பிள்ளையின் பேர், அதுவும் இந்தப் பேர்களை வைப்பதற்காக அவர் பட்ட பாடு என்ன, கேட்ட பேச்சு என்ன… முதல் தெருவில் மூன்று வள்ளியம்மாக்களுக்கும் தபால் இருந்தது, கோடிவீட்டு வள்ளியம்மா, மாடி வள்ளியம்மா, ரேஷன் கடை வள்ளியம்மா, மூன்று பேரும் வாசலிலேயே நின்றார்கள், மூன்று பேருக்கும் மகன்கள் வெளியூரில், மூன்று பேருக்கும் கண்ணாடி போட்டாலும் எழுத்துத் தெரியாது, இது யாருக்கு இது யாருக்கு என்று பிரித்துக்கொடுத்துவிட்டு நகர்ந்தபோது அவருக்குள் பழைய கர்வம் ஒன்று தலை நிமிர்த்திக்கொண்டது, பார்த்தாயா, இதற்காகத்தான், இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதானே வைத்தேன்.

அந்தக் குழப்பம் ஒருமுறை நிஜமாகவே நடந்தது, எழுபத்தெட்டில், அவர் கையாலேயே நடந்தது, ஒரே தெருவில் இரண்டு எம். மஞ்சுநாத், கவரில் கதவு எண் இல்லை, நல்ல மழை, மேற்குக் கோடியில் இருந்த மஞ்சுநாத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கிழக்குக் கோடி மஞ்சுநாத் வீட்டில் போட்டுவிட்டு வந்துவிட்டார், அந்த வீட்டில் அதை சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுத் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், மூன்று வாரம் கழித்து வந்து பிரித்தால் அது பெல்காமில் ஒரு கிளார்க் வேலைக்கான ஆர்டர், சேர வேண்டிய தேதி போயே போய்விட்டது, மேற்குக் கோடி மஞ்சுநாத்தின் அம்மா வந்து ஒன்றும் திட்டவில்லை, ஏன் சார் என்று மட்டும் கேட்டாள், அந்த ‘ஏன் சார்’ பல ராத்திரி அவரைத் தூங்கவிடவில்லை… அடுத்த வருஷம் பாகீரதிக்குப் பிரசவ வலி எடுத்தபோது அவர் ஒரே தீர்மானமாக இருந்தார், என் பிள்ளைக்கு வருகிற தபால் என் பிள்ளைக்குத்தான் வரணும், உலகத்தில் எவனும் எவளும் இடையில் நின்று அதை வாங்கக் கூடாது, ஒரு மாசம் முழுக்க சார்ட்டிங் மேஜையில் கண்ணில் பட்ட பேரையெல்லாம் ஒரு நோட்டில் குறித்தார், லட்சுமி நூற்றுப் பத்து, சரஸ்வதி எழுபது, எதை எடுத்தாலும் குறைந்தது நாலு பேர், கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரயில் பாதை ஓரமாக வெள்ளை வெள்ளையாகத் தும்பை பூத்திருந்ததைப் பார்த்தார், நின்றார், எட்டு வருஷத்தில் இந்தப் பேரில் ஒரு கார்டு கூட சார்ட் பண்ணியதில்லையே என்று தோன்றியது, ஓடிப்போய் அப்பாதுரையிடம் கேட்டார், அப்பாதுரை அப்போது சீனியர், மூக்குப்பொடி போட்டுக்கொண்டே, பேரா அது, களைச்செடிய்யா என்றார், அப்போ மல்லிகா மட்டும் என்ன அண்ணே, அதுவும் செடிதானே என்றார் இவர், மல்லிகாவ தலையில வைக்கலாம்டா என்றார் அப்பாதுரை, தும்பைய சாமி தலையில வைக்கிறாங்களே அண்ணே என்றார் இவர், அப்பாதுரைக்குத் தும்மல் வந்துவிட்டது, அந்தத் தும்மலையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பாகீரதிக்குத் தன் அம்மா பேரை வைக்கணும், ஜெயலட்சுமி, ஒரு வருஷம் முழுக்கக் குழந்தையைப் பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டுக் காலம் ஓட்டினாள், ஆனால் மூன்று வருஷம் கழித்துப் பையன் பிறந்தபோது, இதுக்காவது மனுஷன் பேரா வைங்க என்று படுக்கையிலிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள், இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மெதுவாக, தொடுவானம் என்றார், அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், சிரித்துச் சிரித்துத் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் ஓடிவந்து திட்டினாள், நர்ஸிடம் பேரைச் சொன்னதும் அவளும் சிரித்தாள், அந்த வார்டே சிரித்தது, அப்படிச் சிரிப்பில் பிறந்த பேர் அது, அதனாலோ என்னவோ பையனுக்கு அது ஒட்டிக்கொண்டது, தெருப் பையன்கள் ‘தொடாதே, தொடாதே’ என்று கத்திக்கொண்டு துரத்தினால் அவன் அதையே விளையாட்டாக்கி, தொட்டவனெல்லாம் அவுட் என்று சட்டம் போட்டுவிட்டான், இப்போது இருபது வயசு, மெக்கானிக் ஷெட்டில் எல்லாருக்கும் அவன் வானம், வானம் இருக்கானா, வானத்தைக் கூப்பிடு, வண்டி டேங்க்கில் நீலத்தில் எழுதியே வைத்திருக்கிறான், பொம்பளைப் பிள்ளைகள் ரெண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களாம், அவனைப் பற்றிக் கவலையே இல்லை… ஆனால் தும்பை, தும்பை என்ன சொன்னாள் தன் பேரைப் பற்றி, எப்போதாவது ஏதாவது சொன்னாளா, யோசித்துப் பார், ஞானசேகரா, நல்லா யோசித்துப் பார்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்கு டீச்சர் அட்டெண்டன்ஸில் ஜி. தும்பா என்று எழுதிவிட்டார், கன்னடத்தில் தும்பா என்றால் ரொம்ப, அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு அது போதாதா, ‘தும்பா தப்பா, தும்பா தப்பா’, ரொம்ப குண்டு ரொம்ப குண்டு என்று பாட்டே கட்டிவிட்டார்கள், அவளோ குச்சி மாதிரி இருப்பாள், தமிழ்ப் பிள்ளைகள் பக்கம் போனால் அங்கே தும்மல், அச்சு அச்சு என்று மூக்கைத் தேய்ப்பார்கள், அதை வீட்டில் வந்து அவளே நடித்துக் காட்டிச் சிரிப்பாள், சிரித்தாள்தானே, ஆமாம், சிரித்தாள்… மூன்றாம் வகுப்பில் வந்த கன்னட மிஸ் ஒருத்தி, தும்பெ ஹூவா, சிவனுக்கு இஷ்டமான பூவல்லவா என்று கன்னத்தைத் தடவினாளாம், அன்றைக்கு மட்டும் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வந்தாள், பிறகு ரேஷன் கார்டு, அதில் தும்பையைத் தம்பி என்று எழுதி, ஆண் என்றும் போட்டுவிட்டார்கள், அதைத் திருத்த ஆறு மாசம் அலைந்தார், திருத்தி வந்த கார்டில் தும்பி, பெண், சரி, பூவுக்குப் பூச்சி, பாதி சரிதானே என்று அவரே சமாதானம் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார், அப்புறம் தொண்ணூற்றைந்தில் அந்த அதிசயம், பம்பாய்க்கு மும்பை என்று பேர் மாற்றினார்கள், அன்றைக்கு டிவி செய்தி பார்த்துக்கொண்டிருந்த தும்பை எழுந்து நின்று கை தட்டினாள், இனிமேல் கவலையே இல்லப்பா, மும்பை மாதிரி தும்பைன்னு சொல்லிக்குவேன், ஒரு ஊரையே மாத்திட்டாங்கப்பா எனக்காக என்றாள், என்ன சந்தோஷம் அவருக்கு, அந்த சந்தோஷத்தில் தெருவுக்கே மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தார், யாருக்கும் காரணம் புரியவில்லை… இப்படி எல்லாம் சிரிப்பாகத்தானே இருந்தது, சிரிப்புக்குள் வேறு ஏதாவது இருந்ததா, இருந்திருந்தால் நமக்குத் தெரியாமலா போகும்.

சைக்கிள் கடைக்கு மூன்று தபால், கடைக்காரர் வேறு யாருமில்லை, அதே மேற்குக் கோடி மஞ்சுநாத், பெல்காம் போயிருக்க வேண்டியவர், இப்போது நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறார், அந்த விஷயம் அவருக்குத் தெரியும், தெரிந்தும் இவர் சைக்கிளுக்கு எப்போதும் முதல் ஆளாகக் காற்றடிப்பார், ஏன் போஸ்ட் சார், இன்னைக்கு சைக்கிள நீங்க ஓட்றீங்களா, சைக்கிள் உங்கள ஓட்டுதா, யாக்கோ மொகமே சரியில்லையே என்றார், இவரால் அடக்க முடியவில்லை, மஞ்சுநாத், உங்க பேரு உங்களுக்குப் பிடிச்சிருக்கா என்று கேட்டுவிட்டார், மஞ்சுநாத் பம்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார், சிரித்தார், பேர்ல என்னா சார் பிடிக்கிறது பிடிக்காதது, ரோட்ல எவனாச்சும் மஞ்சுநாத்துன்னு கத்துனா நான் திரும்பறதே இல்ல, எப்படியும் வேற ஒருத்தன் திரும்புவான், ஆராமா போயிட்டே இருப்பேன், அது ஒரு நிம்மதி சார் என்றார், அதெப்படி நிம்மதி, அந்தப் பேராலதானே உங்க வேலையே என்று வாய் வரைக்கும் வந்ததை இவர் விழுங்கினார், மஞ்சுநாத்தே சொல்லிவிட்டார், பெல்காம்ல குளிரு ஜாஸ்தி சார், நல்லதே ஆயித்து, டயர் ரெண்டும் தேஞ்சுபோச்சு, திங்கக்கிழமை வாங்க, மாத்திப்புடலாம்.

நிம்மதியாம்… சட்டைப் பையில் கவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஈரமாக இருந்தது, தூறலா வியர்வையா தெரியவில்லை, கெஜட்டில் பேர் மாற்றிக்கொண்டுவிட்டாளோ, மாற்றலாம், இருபத்து மூன்று வயசு, சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை, சொந்தச் சம்பளம், யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஒரு அஃபிடவிட், ஒரு விளம்பரம், முடிந்தது, அவளோடு வேலை பார்க்கிற கவின் என்கிற பையன் ஒருமுறை வீட்டுக்கு வந்தானே, கோயமுத்தூர்ப் பையன், அவனுக்கும் இந்தப் பேருக்கும் ஏதாவது… சே, அந்தப் பையன் தும்பை தும்பை என்றுதான் கூப்பிட்டான், வாய் நிறையக் கூப்பிட்டான், அது இல்லை, அப்படியானால் போன மாசம் கேட்டது என்ன, போன மாசம் அவர் குளித்துவிட்டு வரும்போது போனில் அவள் குரல், ஆமா, வைஷ்ணவிதான் பேசறேன், இல்ல, வைஷ்ணவிதான் என்று தெளிவாகக் கேட்டதே, யாரோ தோழிக்காகப் பேசுகிறாள் என்று நினைத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டாரே, அப்போதே கேட்டிருந்தால் என்ன, கேட்காமல் போனதற்கு என்ன காரணம், கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயமா… ஓர் இடத்தில் சைக்கிளை நிறுத்தி, பேனாவைக் கூட எடுத்தார், ‘இப்பெயரில் யாரும்’ வரைக்கும் மனசுக்குள் எழுதியும் பார்த்தார், எழுதிவிட்டால் கவர் திரும்பிப் போய்விடும், அவளுக்கு வந்ததே தெரியாது, அவருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, எவ்வளவு சுலபம், ஆனால் சாமி படத்துக்குப் பின்னால் மூன்று வாரம் கிடந்த அந்தக் கவர், ஏன் சார் என்ற அந்தக் குரல், இல்லை, ஒரு கவரை இன்னொரு தடவை தப்பான பக்கம் அனுப்ப முடியாது, பேனாவை மூடினார், பாகீரதி கத்தரிக்காய் வதக்கும் வாசனை தெருமுனைக்கே வந்துவிட்டது.

வாசலில் சைக்கிளை நிறுத்தியவருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வீட்டுக்காரனாக உள்ளே போய், இதென்னம்மா என்று கேட்பதா, போஸ்ட்மேனாக நிற்பதா, வீட்டுக்காரனாகப் போனால் கோபம் வந்துவிடலாம், போஸ்ட்மேனுக்குக் கோபம் கிடையாது, எனவே காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு தடவை மணியடித்து, மற்ற வீடுகளில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

“ரிஜிஸ்டர்! வைஷ்ணவி!”

“வந்தேன்!” என்று உள்ளேயிருந்து உடனே ஒரு குரல், யோசிக்காத குரல், துள்ளி ஓடிவருகிற குரல், அந்த வீட்டில் அவர் கேட்டே இராத அளவுக்கு லேசான ஒரு குரல்… தலையில் துண்டைச் சுற்றியபடி தும்பை வாசலுக்கு வந்தாள், அப்பாவைப் பார்த்தாள், அவர் நீட்டிய கவரைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். அவரும் நின்றார். கையெழுத்துப் போட வேண்டிய அட்டையை எடுத்து நீட்டினார், அதுதானே முறை.

“எந்தப் பேர்லப்பா போடணும்?” என்றாள், அட்டையை வாங்கிக்கொண்டே.

“கவர்ல என்ன பேர் இருக்கோ அந்தப் பேர்ல.”

போட்டாள், வைஷ்ணவி என்று, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் ஒரு வளைவு வளைத்து, கை தயங்கவே இல்லை, இது நேற்று இன்று பழகிய கையெழுத்து இல்லை என்று அவருக்குத் தெரியாதா, முப்பது வருஷம் கையெழுத்து வாங்கியவர். கவரைக் கிழித்துப் படித்தாள், படித்தவளின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று அவர் ஒரு படி ஏறினார், அழவில்லை, சிரிக்கிறாள், அவள் அம்மா ஆஸ்பத்திரியில் சிரித்த அதே சிரிப்பு.

“அப்பா, வாஷிங் மெஷின்ப்பா! போன மாசம் ஜவுளிக்கடையில கூப்பன் எழுதிப் போட்டேன்ல, குலுக்கல்ல ரெண்டாம் பரிசு! போன்ல கூட கேட்டாங்க, நான் சும்மா விளையாடறாங்கன்னு நினைச்சேன்.”

கரண்டியோடு பாகீரதி வெளியே வந்தாள், என்னடி மெஷினு என்றாள், விஷயம் தெரிந்ததும் அவள் முகத்தில் வெயில் அடித்தது, அடுத்த நிமிஷமே மூடிக்கொண்டது, ஏனென்றால் கடிதத்தின் கீழே இன்னொரு வரி இருந்தது, பரிசுக்குரியவர் இதே பெயரில் அடையாள அட்டை காட்டிப் பெற்றுக்கொள்ளவும். அட்டைக்கு எங்கே போவது, கம்பெனி அட்டையில் தும்பை, ரேஷன் கார்டில் தும்பி, வைஷ்ணவி எந்த அட்டையிலும் இல்லை. “இருபத்து மூணு வருஷமா கல்லுல துவைக்கிறேன்,” என்று பாகீரதி கரண்டியை அவர் பக்கம் நீட்டினாள், “அன்னைக்கே ஒழுங்கா ஜெயலட்சுமின்னு வச்சிருந்தா இவ ஏன் வேற பேர் எழுதறா? என் மெஷின தின்னது உங்க பூச்செடிதான்.”

சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை, எதுக்குமா அப்படி எழுதினே என்று மட்டும் கேட்டார். கடையில பின்னாடி பெரிய க்யூப்பா என்றாள், என் பேரச் சொன்னா, என்னது, திருப்பிச் சொல்லுங்க, ஸ்பெல்லிங் என்ன, அர்த்தம் என்ன, யாரு வச்சாங்கன்னு அஞ்சு நிமிஷம், க்யூவே திரும்பிப் பாக்கும், வைஷ்ணவின்னா ஒரு செகண்ட், டெய்லர் கடை, டிக்கெட் புக்கிங், கேஸ் சிலிண்டர், எல்லா இடத்துலயும் வைஷ்ணவிதான், வெளியில இருக்கறவங்களுக்கு. எத்தனை நாளா என்று கேட்டார், அவள் துண்டை அவிழ்த்து முடியை முன்னால் போட்டுத் துவட்டிக்கொண்டாள், முகம் மறைந்துவிட்டது.

“எட்டாங்கிளாஸ்ல இருந்து. அந்த காவேரி கலாட்டா நடந்துச்சுல்ல, ஸ்கூல பாதியில விட்டுட்டாங்க, பஸ்ஸும் இல்ல, நான் நடந்து வர்றேன். ஒரு முனையில நாலஞ்சு பசங்க நின்னுக்கிட்டு, தமிழாளான்னு பாக்க எல்லாரையும் பேர் கேக்கறாங்க. என்னையும் கேட்டாங்க, நின்ன ஹெசரு ஏனுன்னு. தும்பைன்னு சொன்னா அடுத்து அர்த்தம் கேப்பாங்க, யாரு வச்சதுன்னு கேப்பாங்க, எல்லாரும் கேப்பாங்கல்ல… பக்கத்து பெஞ்சு வைஷ்ணவி ஞாபகம் வந்தா. சொல்லிட்டேன். அவ்வளவுதாம்ப்பா. அதுல ஒருத்தன் பாத்துப் போம்மான்னு ரோட்ட கூட தாண்டி விட்டான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள், நிஜமாகவே அது அவளுக்கு இப்போது சிரிப்பான விஷயம்தான், ஆனால் அவர் அந்த நாளைத் தேடிக்கொண்டிருந்தார், தொண்ணூற்றொன்று டிசம்பர், ஆபீஸ் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது, சாயங்காலம் சந்து சந்தாக வீட்டுக்கு வந்தது, பாப்பா வந்துட்டாளா என்று கேட்டது, ரெண்டு மணிக்கே வந்துட்டா, சாப்பிட்டுத் தூங்கறா என்று பாகீரதி சொன்னது, அப்பாடா என்று சுவரில் சாய்ந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும், தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அவர் சாய்ந்திருந்தபோது அந்தப் போர்வைக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் படுத்திருந்திருக்கிறார்கள்… உலகத்தில் யாரோடும் கலந்து போகக் கூடாது என்று தேடித் தேடி அவர் ஒரு பேரை வைத்தார், கலந்து போனால்தான் வீட்டுக்கு வந்து சேர முடியும் என்ற ஒரு நாளில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை தானே ஒரு பேரைத் தேடி வைத்துக்கொண்டது, இரண்டில் எது அப்பன் பிள்ளைக்கு வைத்திருக்க வேண்டிய பேர்… பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமேம்மா, மாத்தியிருப்போமே என்றார். தும்பை முடியை விலக்கிப் பார்த்தாள். “பிடிக்கலைன்னு யாருப்பா சொன்னா? அத நான் எல்லாருக்கும் எடுத்து நீட்டறதில்ல, அவ்வளவுதான்,” என்றாள், சொல்லிவிட்டு அச்சு என்று ஒரு தும்மல் போட்டாள், ஈரத்தலை, பாகீரதி உடனே, உள்ள வாடி, சளி பிடிக்கப் போகுது என்று கத்தினாள்.

அப்போது மெஷினை விட மனசில்லாத பாகீரதிதான் கடிதத்தை மறுபடியும் வாங்கி மகளைப் படிக்கச் சொன்னாள், ஒரு வரி விடாம படிடி என்றாள், நல்லவேளை, அடியில் பொடி எழுத்தில் இன்னும் ஒன்று இருந்தது, அட்டை இல்லாதவர்கள் தம்மை அறிந்த அரசு ஊழியர் ஒருவரிடம் கீழுள்ள படிவத்தில் சான்று பெற்று வரலாம். “அரசு ஊழியர் இந்தா நிக்கிறாரே, காக்கிச் சட்டையோட!” என்று பாகீரதி அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள், தட்டு வேறு போட்டுவிட்டாள், கத்தரிக்காயின் ஆவி மூக்கில் ஏறியது, தும்பை படிவத்தைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள், பொய் சான்று கொடுக்கிறவர் இல்லை அவர், ஆனால் இது பொய்யா, கூப்பிட்டார், வந்தாள், கையெழுத்துப் போட்டாள், இதைவிட ஒரு போஸ்ட்மேனுக்கு என்ன வேண்டும், பேனாவைத் திறந்தார், விலாசத்தை நிரப்பினார், வைஷ்ணவி என்று கோடிட்ட இடத்தில் எழுதினார், தன் கையால் முதல் தடவையாக மகளுக்கு அந்தப் பேரை எழுதினார், எழுத்து நன்றாகவே வந்தது, கீழே கையெழுத்துக்கு மேலே ஏற்கெனவே அச்சடித்த ஒரே ஒரு வரி, ‘மேற்படி நபர் எனக்கு நேரில் நன்கு தெரிந்தவர்’, அதில் வந்து பேனா நின்றது… ஏங்க, ஆறிப்போகுது, போட்டுட்டு சாப்பிடுங்க என்றாள் பாகீரதி, போடறேன் போடறேன் என்றார், தும்பையைத் தெரியும், தும்பைக்கு மோரில் உப்பு கூடாது, கரப்பான் பூச்சி என்றால் கட்டில்மேல் ஏறுவாள், பரீட்சைக்கு முன்னால் நகம் கடிப்பாள், எல்லாம் தெரியும், ஆனால் எங்கே எப்போது கூப்பிட்டாலும் வந்தேன் என்று துள்ளிக்கொண்டு வருகிற இந்த வைஷ்ணவி, கடைவீதியில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நிம்மதியாக நடந்து போகிற இவள், பத்துப் பதினொரு வருஷமாகத் தன்னந்தனியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இந்த ஊரில் திரிகிற இவள், என்ன வாங்குவாள், யாரிடம் எப்படிப் பேசுவாள், கோபம் வருமா இவளுக்கு… எதிரில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணை அவர் நிமிர்ந்து பார்த்தார், அவளும் நிமிர்ந்து, என்னப்பா என்றாள், ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தவர், பேனா அந்த வரிக்கு மேலேயே நிற்க, நீ இந்தக் கடைக்கு அடுத்து எப்போம்மா போவே, நானும் வரட்டுமா என்று கேட்டார்.